தானே ட்யூன் ஆகிற கிட்டார்: வாங்கலாமா? வாங்கினா அந்த மோட்டாரைக் கழட்டிடணுமா?

#1 கம்பிஆறு

எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு எலக்ட்ரிக் கிட்டார் விலைக்கு வந்திருக்கு, ரெண்டு வாரமா யோசனையிலேயே இருக்கேன். சிங்கிள் கட் பாடி, ரெண்டு ஹம்பக்கர் பிக்கப் (கம்பி அதிர்வை மின் சைகையா மாத்தற பாகம்), ஹெட்ஸ்டாக்ல (கழுத்தோட தலைப்பக்கம்) இந்தப் பக்கம் மூணு ட்யூனிங் கீ, அந்தப் பக்கம் மூணு கீ. வெச்சிருந்தவர் ஆறு கீயையும் கழட்டிட்டு, தானே ட்யூன் பண்ற மோட்டார் யூனிட்டை ஹெட்ஸ்டாக் பின்னாடி மாட்டியிருக்கார். பட்டனை அழுத்திட்டு ஆறு கம்பியையும் ஒரு தடவை மீட்டினா கீ எல்லாம் தானா சுத்துது. பழைய கீ ஆறும் ஒரு சின்ன கவர்ல பத்திரமா இருக்கு. கம்பெனி பேரு, விற்கிறவர் விவரம் எதுவும் போடலை, அவர் எனக்கு வேண்டியவர்.

பார்க்கப் போன அன்னைக்கு மூணு தடவை போட்டுப் பார்த்தேன். ரெண்டு தடவை சட்டுனு முடிஞ்சுடுச்சு. மூணாவது தடவை ஜி கம்பி மட்டும் மேல போறதும் கீழ வர்றதுமா ரொம்ப நேரம் அலைஞ்சுட்டு, கடைசியில சிவப்பு விளக்கு எரிஞ்சுது.

நான் சர்ச்ல ஞாயித்துக்கிழமை வாசிக்கிறேன், அப்பப்போ வெளி நிகழ்ச்சியும் உண்டு. கூட வாசிக்கிறவங்ககிட்ட கேட்டா ஒருத்தர் "முதல் வேலையா அதைக் கழட்டு"ன்னு சொல்றார், இன்னொருத்தர் "குடுத்து வெச்சவன்டா நீ"ன்னு சொல்றார். அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

#2 பழையமரம்

தம்பி, கழட்டிடுங்க. இருபத்திரண்டு வருஷமா கிட்டார் சொல்லித்தர்றேன், அதனால உரிமையோட சொல்றேன்.

என்கிட்ட வர்ற பிள்ளைகளுக்கு முதல் மாசம் கார்டு சொல்லித்தர மாட்டேன். ட்யூன் பண்ணத்தான் சொல்லித்தருவேன். ஐந்தாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகக் கோடு) பிடிச்ச கம்பியையும் பக்கத்துக் கம்பியையும் ஒண்ணா மீட்டினா, ரெண்டும் கிட்ட வரும்போது "வா... வா... வா..."ன்னு ஒரு அலை கேட்கும். கீயைத் திருப்பத் திருப்ப அந்த அலை மெதுவாகும். நின்னுடுச்சுன்னா சேர்ந்தாச்சு. முதல் நாள் பாதிப் பிள்ளைகளுக்கு அது காதுல விழாது. மூணாவது வாரம் ஒரு பிள்ளை சட்டுனு நிமிர்ந்து பார்க்கும், "சார், கேட்குது"ன்னு. அந்தப் பிள்ளைதான் பின்னாடி கம்பியை இழுத்து பெண்ட் பண்ணும்போது சரியான இடத்துல நிறுத்தும். மோட்டார் வேலையை முடிச்சுக் குடுத்துட்டா அந்த மூணாவது வாரம் அந்தப் பிள்ளைக்கு வரவே வராது.

இன்னொண்ணு. இது ஏற்கெனவே பெரிய அளவுல முயற்சி பண்ணிப் பார்த்து, வாசிக்கிறவங்க வேண்டாம்னு சொன்ன விஷயம். 2015-ல கிப்சன் கம்பெனி, அமெரிக்காவுல செய்த எலக்ட்ரிக் கிட்டார்ல பெரும்பாலானதுக்கு ஜி-ஃபோர்ஸ்ங்கிற தானியங்கி ட்யூனரைப் போட்டே வித்தாங்க. வேண்டாம்னா விட்டுடுற வசதி இல்லை. அதே வருஷம் கிட்டார் கழுத்தை அகலமாக்கினாங்க, உயரம் மாத்திக்கிற பித்தளை ஜீரோ ஃப்ரெட் நட் (ஹெட்ஸ்டாக் முனையில கம்பி உட்கார்ற பள்ளக் கட்டை) போட்டாங்க, கிட்டார் கலைஞர் லெஸ் பால் பிறந்த நூறாவது வருஷம்னு ஹெட்ஸ்டாக் எழுத்தையும் மாத்தினாங்க. விலையையும் ஏத்தினாங்க. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல. ஆளுங்க ஏத்துக்கலை. அடுத்த வருஷமே "டிரெடிஷனல்", "ஹை பெர்ஃபார்மன்ஸ்"னு ரெண்டு வரிசையாப் பிரிச்சு, சாதா கீ கேட்டவங்களுக்குச் சாதா கீயையே திருப்பிக் குடுத்தாங்க.

#3 மேடைக்குப்பின்

பழையமரம் சார், மரியாதையோட மறுக்கிறேன். வகுப்புல உட்கார்ந்து ட்யூன் பண்றதும் மேடையில நின்னு ட்யூன் பண்றதும் வேற வேற.

மே மாசம் திறந்த வெளி நிகழ்ச்சி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு சவுண்ட் செக், அப்ப கம்பி கைசுடுற வெயில். எட்டு மணிக்கு மேல காத்து வருது. நடுவுல மேடை விளக்கு நேரா கிட்டார் கழுத்து மேல. சூடேறினா இரும்புக் கம்பி நீண்டு சுருதி இறங்கும், ஆறினா ஏறும். ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை பார்த்தே ஆகணும். பாடறவங்க அடுத்த பாட்டைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கீபோர்டு ஆரம்பிச்சுடுவார். அதுவும் டிராப் டி-யில (தடிச்ச கம்பியை மட்டும் ஒரு முழு சுரம் இறக்கினது) ஒரு பாட்டு, அரை சுரம் இறக்கி ஒரு பாட்டுன்னு வந்தா நான் மூணு கிட்டார் தூக்கிட்டுப் போகணும். ஆட்டோவுல மூணு கிட்டார் கேஸ், ஒரு பெடல்போர்டு. வாசிச்சுச் சம்பாதிக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெரிய ஆளுங்களுக்கே இந்தப் பாடுதான். அமெரிக்க ராக் குழு சானிக் யூத்துக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ட்யூனிங், அதுக்குன்னே ஒதுக்கி வெச்ச கிட்டார்கள். 1999-ல கலிஃபோர்னியாவுல அவங்க வண்டியையே திருடிட்டுப் போயிட்டாங்க. கிட்டாரோட சேர்ந்து சில பாட்டும் போச்சு, ஏன்னா அந்தப் பாட்டை வேற கிட்டார்ல அப்படி வாசிக்க முடியாது. லெட் செப்லின் குழுவோட கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் 90-கள்லயே டிரான்ஸ்பெர்ஃபார்மன்ஸ்னு கொலராடோவுல செய்த தானியங்கி ட்யூனிங் அமைப்பை கிப்சனோட ஒரு தங்க நிற லெஸ் பால் கிட்டார்ல பொருத்தி மேடையில வாசிச்சார். அவரைவிடப் பழைய கிட்டார் மேல ஆசை வெச்சவர் யாரு? தேவைப்பட்டப்போ அவரும் மோட்டாரை எடுத்துக்கிட்டார்.

#4 பழையமரம்

ஜிம்மி பேஜ் அதைத் தேடிப் போய் எடுத்துக்கிட்டார். 2015-ல கடைக்குப் போனவங்க தலையில கட்டினாங்க. எனக்கு இருக்கிற கோபமே அங்கதான்.

#5 சாலிடர்வாசம்

கிட்டார் ரிப்பேர் என் தொழில். கம்பிஆறு, உங்க மூணாவது தடவை நடந்ததைப் பத்தி முதல்ல பேசுவோம். ஜி கம்பி மேலயும் கீழயும் அலைஞ்சதுக்குக் காரணம் மோட்டாரா இருக்க வாய்ப்பு குறைவு. நட்.

மூணுக்கு மூணு ஹெட்ஸ்டாக்ல டி, ஜி ரெண்டு கம்பியும் நட்டைத் தாண்டினதும் பக்கவாட்டுல திரும்பித்தான் கீக்குப் போகணும். ஹெட்ஸ்டாக் பின்னாடி சாய்ஞ்சும் இருக்கும். ரெண்டும் சேர்ந்து அந்தக் கம்பி நட் பள்ளத்தோட ஓரத்துல அழுந்தி உட்காரும். கீயைத் திருப்பறீங்க, கீக்கும் நட்டுக்கும் நடுவுல இழுவிசை ஏறுது, ஆனா கம்பி நகராது. இன்னும் கொஞ்சம் திருப்பறீங்க. "டிங்"னு ஒரு சத்தம், கம்பி மொத்தமா தாவிடும். காது இருக்கிறவன் அந்த "டிங்" கேட்டதும் புரிஞ்சுக்குவான், கம்பியை நட் பக்கத்துல விரலால ஒரு அழுத்து அழுத்தி விடுவான். மோட்டாருக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. சுத்தினேன், சுருதி மாறலை, இன்னும் சுத்தினேன், ஐயோ அதிகமாயிடுச்சு, திரும்பச் சுத்தினேன், இப்ப குறைஞ்சுடுச்சு. அப்படியே நேரம் முடிஞ்சு சிவப்பு விளக்கு.

"தானியங்கி ட்யூனர் வேலை செய்யலை"ன்னு என் பெஞ்சுக்கு வந்தது பலதும் நட் வேலையோட திரும்பிப் போயிருக்கு. கம்பி என்ன கேஜ், அதாவது என்ன தடிமன், போட்டிருக்கார்னு கேட்டுச் சொல்லுங்க.

கழட்டறதா வேண்டாமான்னு கேட்டா, எந்தத் தலைமுறை யூனிட்டுங்கிறதைப் பொறுத்தது. 2007 கடைசியில கிப்சன் ரோபோ கிட்டார்னு ஒண்ணு விட்டாங்க. உள்ள இருந்தது ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்து ட்ரோனிக்கல் கம்பெனியோட அமைப்பு. மோட்டார் கீயில, மூளை பாடிக்குள்ள, பாடியில கம்பி தங்குற பிரிட்ஜ்ல ஒவ்வொரு கம்பிக்கும் அதிர்வை உணர்ற தனி பியசோ, தள்ளி இழுக்கிற குமிழ்ல விளக்கு. உடம்புக்கும் தலைக்கும் நடுவுல தகவல் போறதே கம்பி வழியாத்தான். எனக்கு அந்த யோசனை மேல இன்னும் மதிப்பு இருக்கு. கிட்டார்ல எப்படியும் ஆறு உலோகக் கம்பி ஓடுது, அதையே ஒயரா பயன்படுத்திக்கலாம்னு நினைச்சிருக்காங்க பாருங்க. ஆனா போர்டு செத்துப் போனா? 1959-ல செய்த கிட்டாரை இன்னைக்கும் ஒரு சாலிடரிங் அயர்ன், ரெண்டு பாட் (குமிழுக்கு அடியில இருக்கிற பாகம்), ஒரு கெப்பாசிட்டர் வெச்சுப் பேச வெச்சுடுவேன். எழுதின ப்ரோக்ராம் இல்லாத சிப்பை நான் என்ன பண்றது?

அதே பாதையில 2010-ல ஃபயர்பேர்ட் எக்ஸ்னு அறிவிச்சாங்க, தானியங்கி ட்யூனிங், உள்ளேயே எஃபெக்ட்ஸ் எல்லாம் வெச்சு. 2019-ல அந்தக் கிட்டார்களை வரிசையா தரையில அடுக்கி, மேல எந்திரத்தை ஏத்தி நசுக்கின வீடியோ வெளிவந்துச்சு. பாதுகாப்பில்லாத பாகங்கள் இருந்த, சரிபண்ண முடியாத கிட்டார்கள்னு கம்பெனி விளக்கம் சொல்லிச்சு. எதுவா இருந்தாலும் மரம், கழுத்து, ஃப்ரெட் எல்லாம் சேர்ந்து நொறுங்கினதை என்னால முழுசாப் பார்க்க முடியலை. எலக்ட்ரானிக்ஸ் உயிரோட மரத்தோட உயிரை முடிச்சுப் போட்டா கடைசியில இதுதான் நடக்கும்.

உங்களுக்கு வர்றது ஹெட்ஸ்டாக் பின்னாடி மட்டும் மாட்டற வகை. புதுசா ஓட்டை போடலைன்னா பழைய கீ அரை மணி நேரத்துல திரும்ப மாட்டிடலாம். அதனால பயப்படாம வாங்கலாம்.

#6 பனிக்காலம்

வணக்கம். நான் ரொறொன்ரோவில இருக்கிறன், மெற்றல் வாசிக்கிறனான். எல்லாரும் மோட்டாரைப் பற்றியே கதைக்கிறியள். மோட்டாரே இல்லாத வழி ஒண்டும் இருக்கு: எவர்ட்யூன் பிரிட்ஜ். என்னட்ட ஒண்டு மூண்டு வருசமா இருக்கு.

அதில பற்றரி இல்லை, சிப் இல்லை. ஒவ்வொரு கம்பிக்கும் பிரிட்ஜில தனித் தனியா ஒரு ஸ்பிரிங்கும் ஒரு நெம்புகோலும். கம்பி இளகினா ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும், இறுகினா விட்டுக் குடுக்கும். இழுவிசை மாறாது, அதால சுருதியும் மாறாது. சனவரி மாசம் இஞ்ச வானில கிற்றாரை வச்சு, மைனஸ் பதினைஞ்சில இருந்து சனம் நிறைஞ்ச ஹோலுக்குள்ள கொண்டுபோனா சாதாரண கிற்றாரை அரை மணித்தியாலம் தொடேலாது. இதை எடுத்து நேரா வாசிச்சிருக்கிறன்.

ரெக்கோர்டிங்கில இன்னொரு நன்மை. தடிச்ச கீழ்க் கம்பியைப் பலமா அடிச்சா அடிச்ச கணத்தில சுருதி கொஞ்சம் மேல போய்த்தான் இறங்கும். எவர்ட்யூனில அது நல்லாக் குறையும். ரெண்டு பக்கமும் ரெண்டு கிற்றார் ட்ராக் வச்சுக் கேட்டா வித்தியாசம் விளங்கும்.

குறையும் சொல்லவேணும். பாடியில நிறைய மரத்தை வெட்டி எடுத்துத்தான் பூட்டலாம், பிறகு பழையபடி ஆக்கேலாது. வேற ட்யூனிங்குக்கு மாத்த நினைச்சா ஒவ்வொரு கம்பியா அலன் கீயால திரும்பச் சரிப்படுத்த வேணும். செற்றிங் பிழைச்சா பெண்ட் பண்ணினாலும் சுருதி ஏறாது, ஸ்பிரிங் அதையும் விழுங்கிப் போடும். முதல் கிழமை எனக்கு அப்பிடித்தான் நடந்தது, கம்பியை இழுக்கிறன், சத்தம் அசையேல்லை. பிறகு சரிப்படுத்தப் பழகினன்.

#7 மேடைக்குப்பின்

பனிக்காலம் அண்ணா, அருமை. அப்ப எவர்ட்யூன் ஒரே ட்யூனிங்ல நிக்கிறதுக்கு, மோட்டார் ட்யூனிங் மாத்தறதுக்கு. ரெண்டும் ஒரே வியாதிக்கு மருந்து இல்லைன்னு இப்பதான் தெளிவாச்சு.

#8 தம்புராவோடு

நான் கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிப்பவன். இங்கே இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரம் "சரி" என்று பச்சை விளக்கு காட்டும் இடம், என் காதுக்குச் சரியான இடம் அல்ல.

கிட்டாரின் ஃப்ரெட்டுகள் சமப் பகிர்வு முறையில் அமைந்தவை. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டி, ஒவ்வொரு பாகமும் 100 சென்ட். அதில் பஞ்சமம் 700 சென்ட்டில் வருகிறது. தம்புராவின் பஞ்சமம் 702. அந்தர காந்தாரத்தில் இடைவெளி இன்னும் பெரிது: ஃப்ரெட்டில் 400, தம்புராவில் தானாக எழும் காந்தாரம் 386.

இரண்டு சென்ட் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு கட்டை சுருதியில் ஸட்ஜமும் பஞ்சமமும் திறந்த தந்திகளாக ஒலிக்கட்டும். ஸட்ஜத்தின் மூன்று மடங்கு மேல் ஒலியும் பஞ்சமத்தின் இரண்டு மடங்கு மேல் ஒலியும் 392 ஹெர்ட்ஸ் அருகே சந்திக்கின்றன. இயந்திரக் கணக்கில் சேர்த்தால் அவை இரண்டும் அரை ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்கும். இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒலி மெல்ல வீங்கித் தணியும். ராக ஆலாபனையில் அடியில் இது ஓடிக்கொண்டே இருந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்காது. கீயை மிக மிக லேசாக ஏற்றி அந்த அசைவு அடங்கும் கணத்தில் நிறுத்துகிறேன். அங்கேதான் எனக்குக் கச்சேரி தொடங்குகிறது. நாமே காதால் சேர்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் யூனிட்டுகள் உண்டு. ஆனால் மோட்டாரின் துல்லியமே இரண்டு சென்ட் அளவில் நின்றால் எனக்கு வேண்டிய அந்த இரண்டு சென்ட்டை அது எங்கிருந்து தரும்?

புதுமை மீது எனக்கு வெறுப்பு இல்லை. எலக்ட்ரிக் கிட்டார் வந்திராவிட்டால் கமகத்துக்கு வேண்டிய நீண்ட நாதம் எனக்குக் கிடைத்திராது. நான் பயன்படுத்துவது துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட், கம்பியை இறுக்கிப் பூட்டும் கீ. தந்தியை நாளெல்லாம் பக்கவாட்டில் இழுப்பவனுக்கு அவை இரண்டும் வரம்.

#9 ஐம்பத்தெட்டு

பழையமரம் ஐயாவின் ஒரு வாதம் மட்டும் எனக்கு உறுத்துது: "வாசிக்கிறவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க." கிட்டார் வாங்கறவங்களோட முதல் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கிட்டா நம்ம கையில இன்னைக்குப் பாதிக் கிட்டார் இருக்காது.

1958-ல கிப்சன் ஃப்ளையிங் வி, எக்ஸ்ப்ளோரர்ங்கிற ரெண்டு கிட்டாரையும் கொண்டுவந்தப்போ வாங்க ஆள் இல்லை. முதல் வருஷம் அனுப்பின ஃப்ளையிங் வி நூறைக்கூடத் தொடலை. லெஸ் பாலே விற்காமத்தான் 1961-ல அதோட வடிவத்தை மாத்தினாங்க, அதுதான் பின்னாடி எஸ்ஜி ஆச்சு. 58-ல இருந்து 60 வரைக்கும் வந்த அந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் மொத்தமே ரெண்டாயிரத்துக்கும் குறைவு. 66-ல எரிக் கிளாப்டன் மாதிரி கிட்டார் கலைஞர்கள் ஆம்ப்பை முழுசாத் திறந்து வாசிச்ச பிறகுதான் எல்லாரும் தேட ஆரம்பிச்சு, 1968-ல திரும்பச் செய்தாங்க. இன்னைக்கு "பாரம்பரியம்"னு நாம தலையில வெச்சுக் கொண்டாடுற ஹம்பக்கர், 50-கள் நடுவுல சேத் லவர்னு ஒரு எஞ்சினியர் இரைச்சலை அடக்கச் செய்த கருவி. ஃபெண்டர் கிட்டாரை உருவாக்கின லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது, ரேடியோ ரிப்பேர் பண்ணவர். ஃப்ளாய்ட் ரோஸ் 70-கள் கடைசியில நட்லயே கம்பியைப் பூட்டுற யோசனையோட வந்தார், அது இல்லாம 80-கள் ராக் இசையை நினைச்சுப் பார்க்க முடியுமா?

#10 சாலிடர்வாசம்

ஐம்பத்தெட்டு, நல்ல வாதம், ஆனா ஒரு வித்தியாசத்தை விட்டுட்டீங்க. ஃப்ளையிங் வி பத்து வருஷம் மூலையில கிடந்தாலும் ஃப்ளையிங் வி-யாவே கிடந்துச்சு, காலம் வந்தப்போ எடுத்து வாசிச்சாங்க. பேட்டரியும் போர்டும் மூலையில கிடந்தா செத்துடும். 1993-ல வந்த பார்க்கர் ஃப்ளை கிட்டாரைப் பாருங்க: மெல்லிய மரத்துக்கு மேல கார்பன், கண்ணாடி இழைத் தோல், எஃகு ஃப்ரெட், சாதா பிக்கப்போட பியசோவும். அதுல மரமும் கழுத்தும் இன்னைக்கும் கல்லு மாதிரி இருக்கு. உள்ள இருக்கிற வளையுற சர்க்யூட் ஒயர் போச்சுன்னாத்தான் தலைவலி. என் பெஞ்சுக்கு வந்ததுல முதல்ல போனது எப்பவும் அந்தப் பாகம்தான்.

#11 மணிக்கட்டு

ரொம்ப நாளா இங்க படிக்கிறேன், எழுதறது இதுதான் முதல் தடவை. முதல் பதிலைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியலை.

எனக்கு முடக்குவாதம். பதினோரு வருஷம் ஆச்சு. காலையில எழுந்தா விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் கார்டு பிடிக்கிறதுதான் கஷ்டமா இருக்கும்னு நினைப்பாங்க. இல்லை. கார்டு பிடிக்கிறது அழுத்தறது. கம்பியை மெலிசாப் போட்டு, ஆக்‌ஷனை, அதாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரத்தை, தாழ்த்தி, பாதிக் கார்டா பிடிச்சுச் சமாளிச்சுடுவேன். ட்யூன் பண்றது அப்படி இல்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு சின்ன உலோகத்தைப் பிடிச்சு முறுக்கணும். என் கையில முதல்ல போனது அந்த முறுக்கற பலம்தான். பாட்டில் மூடி, சாவி, கிட்டார் கீ.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் வீட்டுக்காரர்தான் ட்யூன் பண்ணிக் குடுப்பார். அவருக்கு இசை பழக்கம் இல்லை, நான் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும், கொஞ்சம் இறக்குங்க"ன்னு சொல்லச் சொல்ல அவர் திருப்புவார். ஒரு நாளும் முகம் சுளிச்சதில்லை. ஆனா அவர் ஆபீஸ் போனா கிட்டார் சுவத்துல தொங்கும். அவர் தூங்கினா தொங்கும். அஞ்சு நிமிஷம் வாசிக்கணும்னு தோணுறது மனுஷங்க வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்து வராதே. கொஞ்ச நாள்ல கேட்கிறதையே விட்டுட்டேன்.

தானியங்கி யூனிட் மாட்டி ஆறு வருஷம் ஆகுது. மாட்டின மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு, வலியில தூக்கம் போய், எழுந்து கூடத்துல உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். ஆறு கீயும் இருட்டுல முனகிக்கிட்டே சுத்திச்சு. ஆம்ப் போடலை. அப்படியே வாசிச்சேன்.

கனடாப் பாடகி ஜோனி மிட்செல் ஒன்பது வயசுல போலியோ வந்து, இடது கை பலவீனத்துக்கு ஏத்த மாதிரி கம்பியை மாத்தி மாத்திச் சேர்த்து, ஐம்பதுக்கும் மேல ட்யூனிங் உருவாக்கினவங்க. மேடையில அதையெல்லாம் மாத்தி மாத்தி அலுத்துப்போய், 90-கள் நடுவுல மேடையே வேண்டாம்னு நினைச்ச நேரத்துல ரோலண்ட் விஜி-8 கருவி அவங்களுக்குக் கிடைச்சுது. கம்பி ஒரே இடத்துல இருக்கும், ட்யூனிங்கைக் கருவி ஒலியில மாத்திக் குடுக்கும். அவங்க காது மோசம்னு யாராவது சொல்வாங்களா?

பழையமரம் சார், நீங்க சொன்ன அந்த அலை எனக்கு நல்லாக் கேட்கும். நிறுத்தத்தான் கை இல்லை.

#12 பழையமரம்

அம்மா, நான் பிள்ளைகளை நினைச்சு எழுதினேன், உங்களை மாதிரி ஒருத்தர் படிப்பாங்கன்னு நினைக்கலை. அது என் தப்பு. பொதுவா எல்லாரும் கழட்டிடணும்னு படற மாதிரி எழுதியிருக்கக் கூடாது.

கத்துக்கிற பிள்ளைக்கு முதல் ரெண்டு வருஷம் வேண்டாங்கிறதை மாத்திக்க மாட்டேன். அதே சமயம் என் வகுப்புல ரெண்டு பேருக்கு வயசு அறுபதைத் தாண்டியாச்சு. ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் கீயைத் திருப்பும்போது கையை உதறிக்குவார். இத்தனை நாள் அதை நான் ஏன்னு கேட்டதில்லை. சனிக்கிழமை வருவார், கேட்கிறேன். உங்க யூனிட் மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு, கழுத்துப் பக்கம் எடை கூடித் தொங்குதான்னு முடிஞ்சா எழுதுங்க.

#13 மணிக்கட்டு

நன்றி சார். கடைக்காரர் ஒரு மணி நேரத்துல மாட்டிட்டார். எடை கொஞ்சம் தெரியும். அகலமான தோல் பட்டை, உள்பக்கம் சொரசொரப்பா இருக்கிறது போட்டா கழுத்து இறங்காது. சார்ஜ் போடறதை மட்டும் கிழமை வெச்சுப் பழகிக்கணும். எனக்கு வெள்ளிக்கிழமை.

#14 பனிக்காலம்

அக்கா, வாசிச்சு முடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். நிறைய எழுதுங்கோ.

#15 கம்பிஆறு

எல்லாருக்கும் நன்றி. கேட்ட விவரம்: சாலிடர் அண்ணா, கம்பி 11 செட். விற்கிறவர்கிட்ட கேட்டேன், வாங்கும்போது 9 இருந்ததாம், சத்தம் தடிமனா வேணும்னு அவரா 11-க்கு மாத்தினாராம். நட் பக்கம் ஒண்ணும் பண்ணலைன்னார்.

#16 சாலிடர்வாசம்

கிடைச்சுடுச்சு. 9 செட்ல டி கம்பி தடிமன் 24, ஜி கம்பி 16. 11 செட்ல டி 28, ஜி 18. மெலிசுக்கு வெட்டின பள்ளத்துல தடிசு போய் ஆப்பு மாதிரி இறங்கியிருக்கு. அவர் மேல குத்தம் இல்லை, நிறைய பேர் அப்படித்தான் மாத்துவாங்க, நான்கூட ஆரம்பத்துல பண்ணியிருக்கேன்.

அளவுக்கேத்த நட் அரம் வெச்சு, பள்ளத்தோட அகலத்தை மட்டும் கூட்டணும், ஆழத்தைத் தொடக் கூடாது. ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பி எந்தக் கோணத்துல போகுதோ அதே பக்கமா ஒரு துளி சரிச்சு விடணும். கடைசியில பென்சில் முனையைப் பள்ளத்துல ரெண்டு தடவை தேய்ச்சுக் கரி ஏத்துங்க. 2பி இருந்தா நல்லது. நீங்களா அரம் போடாதீங்க, முதல் தடவை எல்லாருமே ஆழமா இறக்கிடுவாங்க. பக்கத்துல தெரிஞ்ச ஆள்கிட்டக் குடுங்க.

#17 தம்புராவோடு

பென்சில் கரியை நானும் வழிமொழிகிறேன். ஒவ்வொரு முறை தந்தி மாற்றும்போதும் செய்கிறேன். எவ்வளவு இழுத்தாலும் தந்தி தன் இடத்துக்குத் திரும்பி வருகிறது.

#18 கம்பிஆறு

வாங்கிட்டேன்.

நட் வேலை போன வாரம் முடிஞ்சுது. பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தேன். அவர் டி கம்பியைப் பள்ளத்துல இருந்து தூக்கும்போது கம்பி ஒட்டிக்கிட்டு வந்துச்சு, "டக்"னு விட்டுச்சு. அரம் போட்டுக் கரி தேய்ச்ச பிறகு விரலால தொட்டா வழுக்கிக்கிட்டுப் போகுது. வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் கீயை வேணும்னே கலைச்சுட்டுப் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிவப்பு வரலை. ஞாயித்துக்கிழமை ஆராதனையில ரெண்டாவது பாட்டுக்கு டிராப் டி, அடுத்ததுக்குத் திரும்ப சாதா ட்யூனிங், ஜெபம் முடியறதுக்குள்ள தயார். கழட்டலை. பழைய கீ கவரை கேஸ் உள்பையில வெச்சிருக்கேன்.

#19 பழையமரம்

சந்தோஷம் தம்பி. ஒண்ணு மட்டும் செய்து பாருங்க. பட்டனை அழுத்தி முடிச்சதும், எந்த ஃப்ரெட்டையும் பிடிக்காம ஜி-யையும் பி-யையும் மட்டும் சேர்த்து மீட்டி, காதைப் பாடிக்குக் கிட்ட வெச்சுக் கேளுங்க. என்ன கேட்குதுன்னு எழுதுங்க.

#20 கம்பிஆறு

சார், கேட்டேன். படபடன்னு வேகமா ஒரு துடிப்பு. ஏதோ தப்புன்னு நினைச்சு பி கீயைக் கையாலேயே மெதுவா இறக்கினேன். துடிப்பு மெதுவாகி, நீங்க சொன்ன மாதிரி "வா... வா..."ன்னு ஆகி, ஒரு இடத்துல நின்னுடுச்சு. ரெண்டு கம்பியும் ஒரே கம்பி மாதிரி கேட்டுச்சு, உடம்பு சிலிர்த்துடுச்சு. உடனே ஈ மேஜர் பிடிச்சேன். அது மொத்தமா புளிச்சுப் போச்சு, பி ரொம்பக் கீழ.

திரும்பப் பட்டனை அழுத்தி, திரும்ப இறக்கி, ராத்திரி பதினொண்ணரை வரைக்கும் இதையே பண்ணிட்டிருந்தேன்.

#21 தம்புராவோடு

தம்பி, நீங்கள் இறக்கியது 14 சென்ட். ஜி ஸட்ஜமானால், பி அதற்குக் காந்தாரமாக நின்ற இடம் அது.